தீப்பெட்டிமேல் ஒரு செல்போன் நம்பர்

கோவில்பட்டி வட்டாரத்தில் தொலைபேசி வளர்ந்த வரலாற்றை யாராவது எழுதப் புறப்பட்டால், எக்ஸ்சேஞ்சுக்குப் போய் பழைய ஃபைலுக்காக அலைய வேண்டியதில்லை. கடலையூர் ரோட்டில் லேபிள் கிட்டுவின் வீட்டுக் கதவைத் தட்டி, கட்டிலுக்கு அடியில் இருக்கும் தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னால் போதும். தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கு அவர் வரைந்து கொடுத்த லேபிள்கள் அதற்குள் வருடவாரியாக இருக்கின்றன. 1979, கறுப்பு டயல் போன். 1988, பட்டன் போன், பக்கத்தில் ரோஜாப்பூ. ரோஜாப்பூ ஏன் என்று கேட்கக்கூடாது; அந்த வருடம் அச்சகத்தில் சிவப்பு மை மிச்சம் கிடந்தது. 1996, பேஜர். 1999, தலையில் ஏரியல் கொம்பு வைத்த செல்போன்.

பேஜர் வந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கிட்டு அதுவரை ஒரு பேஜரையும் நேரில் கண்டதில்லை. பேப்பர் விளம்பரத்தில் ஒருவரின் இடுப்பில் சதுரமாக ஏதோ இருந்ததைப் பார்த்து, அதைப் பெல்ட்டின் பக்கிள் என்று முடிவுகட்டி, நடுவில் ஒரு சிவப்புக் கல்லையும் பதித்து வரைந்துவிட்டார். ஒரிசாவில் அந்தப் பெட்டி நன்றாகவே ஓடியது. உள்ளூரில்தான் மானம் போனது. விளாத்திகுளம் பஸ்ஸில் ஒருவர் தன் இடுப்பிலிருந்து நிஜப் பேஜரைக் கழற்றி அவர் மூக்குக்கு நேரே நீட்டி, "கல்லு எங்கவே?" என்று கேட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அன்று இறங்கும்போதே கிட்டு ஒரு சபதம் எடுத்துக்கொண்டார். இனிமேல் கண்ணால் பார்க்காததை வரைவதில்லை; கண்ணால் பார்த்ததில் ஒரு புள்ளியையும் விடுவதில்லை. பெரிய மனிதர்கள் எடுத்த சபதங்களால் உலகம் பட்ட பாடு நமக்குத் தெரியும். இந்தச் சபதத்தால் பாடுபட்டது பீகாரும் விளாத்திகுளமும் மட்டும்தான்.

கிட்டுவுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை இருந்தது. காலண்டரில் சாமி படம் போடுகிறவர் மூலையில் தன் பெயரைச் சுழித்து எழுதுகிறார். சினிமா பேனர் போடுகிறவர் ஓர் அடி உயரத்துக்கு எழுதுகிறார். லேபிள் போடுகிறவருக்கு மட்டும் பெயர் கிடையாது. இருபத்துமூன்று வருடங்களில் அவர் வரைந்த படங்கள் எத்தனை கோடிப் பெட்டிகளில் ஒட்டப்பட்டன என்பது அவருக்கே தெரியாது. இந்தியா பூராவும் பீடி பற்றவைக்கிறவர்களின் சட்டைப்பையில் அவர் இருந்தார், பெயரில்லாமல். இதுபற்றி முதலாளி பூவனநாதன் அண்ணாச்சியிடம் மூன்று தடவை பேசிப்பார்த்தார். மூன்று தடவையும் அண்ணாச்சி ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"ரெண்டு விரக்கடைப் பெட்டி. அதுல கம்பெனிப் பேரு, ஊருப் பேரு, குச்சிக் கணக்கு, எல்லாம் போட்ட பொறவு எடம் எங்கவே இருக்கு? ஒம்ம பேரைக் குச்சி மேலயா எழுத?"

2002 ஐப்பசியில் அண்ணாச்சி ஆளனுப்பினார். ஆபீசில் அவர் முன்னால் ஒரு கடிதம் கிடந்தது.

"கிட்டு, பாட்னா ஏஜெண்டு எழுதியிருக்கான். நம்ம லேபிள்ல உள்ள செல்போனுக்குக் கொம்பு இருக்காம். இப்ப வாரதுக்குக் கொம்பு கெடையாதாம். பழைய மாடல்னு கடைக்காரன் திருப்பி விடுதானாம்."

"கொம்பு எங்க போச்சு அண்ணாச்சி?"

"உள்ள போயிட்டாம்."

"உள்ள போனது எப்படி வெளிய பேசும்?"

"அதை நானா செஞ்சேன்? நீரு படத்தை மாத்தும்."

கிட்டு தன் சபதத்தை நினைவுபடுத்தினார். பார்க்காமல் வரைவதற்கில்லை. அண்ணாச்சி பெருமூச்சு விட்டு, சாமி படங்களுக்கு அடியில் இருந்த தட்டிலிருந்து ஒரு துண்டுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே கொம்பில்லாத செல்போன் ஒன்று சந்தனப் பொட்டோடு படுத்திருந்தது. வாங்கி எட்டு மாதம் ஆகிறது என்றும், இதுவரை அதில் பேசியதில்லை என்றும் அண்ணாச்சி சொன்னார். இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் செல்போனில் கூப்பிடுகிறவரும் காசு கட்ட வேண்டும். எடுத்துப் பேசுகிறவரும் கட்ட வேண்டும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் போன் வைத்திருந்தார்கள், எடுப்பதில்லை. மணி அடித்தால் யாரென்று பார்த்துக்கொண்டு, மேசைமேல் இருக்கும் பழைய போனிலிருந்து திருப்பிக் கூப்பிடுவார்கள்.

கிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு வரைய உட்கார்ந்தார். ஓரம், பட்டன், பட்டன்மேல் எழுத்து எல்லாம் முடிந்து திரைக்கு வந்தபோது, போன் அடித்தது. திரை பச்சையாக ஒளிர்ந்து, அதில் பத்து எண்கள் வரிசையாக வந்து நின்றன.

"மச்சினன்தான்" என்றார் அண்ணாச்சி. அவர் மனைவியின் தம்பி செண்பகராஜ் விளாத்திகுளத்தில் மிளகாய் கமிஷன் மண்டி வைத்திருந்தார். அந்த ஊரில் சிக்னல் அவர் மண்டியின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு வடக்கே மட்டும்தான் கிடைக்கும். அங்கே ஏறி நின்று கூப்பிடுகிறார்.

"எடுக்கலையா அண்ணாச்சி?"

"எடுத்தா மீட்டர் ஓடும். அடிச்சு ஓயட்டும். நீரு சோலியப் பாரும்."

கிட்டு சோலியைப் பார்த்தார். செண்பகராஜ் விடாமல் ஐந்து தடவை அடித்தார். ஐந்தாவது மணி ஓய்வதற்குள் பத்து எண்களும் பிசிறில்லாமல் கிட்டுவின் தாளில் ஏறிவிட்டன.

படத்தைப் பார்த்த அண்ணாச்சிக்கு ஒரே ஒரு குறைதான் பட்டது.

"சிக்னல் ரெண்டு கோடுதான் போட்டிருக்கீரு. நம்ம பெட்டியில சிக்னல் ஃபுல்லா இருக்கணும்வே. போட்டிக் கம்பெனிக்காரன் என்ன நெனைப்பான்?"

"இங்கன ரெண்டுதான் தெரியுது. பார்க்காததை நான் போட மாட்டேன்."

இதற்கு வாதாடிப் பயனில்லை என்று இருவருக்கும் தெரியும். போனைத் துண்டோடு தூக்கிக்கொண்டு இருவரும் கம்பெனி மொட்டைமாடிக்கு ஏறினார்கள். காயப் போட்டிருந்த பெட்டிகளுக்கு நடுவே, அண்ணாச்சி போனை ஆரத்தித் தட்டு மாதிரி நாலு திசையும் காட்டிக்கொண்டு வந்தார். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் திரும்பியதும் நாலு கோடும் வந்தது. கிட்டு அங்கேயே குத்தவைத்து இரண்டு கோடு சேர்த்தார். அண்ணாச்சி படத்திலிருந்த எண்களை விரல் வைத்து எண்ணினார்.

"பத்து இருக்கு. சரி. தத்ரூபம்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இது ஓடிச்சின்னா, ரெண்டாவது அச்சடிக்கும்போது மூலையில ஒம்ம பேரைப் போடுதேன். சின்னதா" என்றார்.

கிட்டு படி இறங்கியது அவருக்கே தெரியவில்லை.

வீட்டில் சுகுணா இதைக் கேட்டுக்கொண்டே மிளகாய் கிள்ளினாள். "குச்சி தீர்ந்ததும் பெட்டியைத் தூக்கி எறிவான். ஒங்க பேரு இந்தியா பூரா ஓடையில கெடக்கும்."

"கெடந்தா என்ன? கெடக்கது என் பேருல்லா."

பெட்டி ஓடியது. 2003 தையில் லாரிகள் பாட்னாவுக்கும் கட்டாக்குக்கும் போயின. மாசியில் மறு ஆர்டர் வந்தது. கிட்டு ஒரு நோட்டு வாங்கி, தன் பெயரை மூன்று விதமாக எழுதிப் பழகத் தொடங்கினார். ஒன்று சாய்த்து, ஒன்று நேராக, ஒன்று கடைசி எழுத்தில் ஒரு வால் விட்டு.

அதே மாசியில்தான் விளாத்திகுளத்தில் செண்பகராஜுக்கு இந்திக்காரர்கள் போன் போடத் தொடங்கினார்கள்.

முதல் வாரம் அவர் பெருமைப்பட்டார். தன் மிளகாயின் பெயர் வடநாடு வரை போய்விட்டது என்று மண்டியில் சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒரே இந்திச் சொல் மிர்ச்சி. போனை எடுத்து, "மிர்ச்சி, மிர்ச்சி, நம்பர் ஒன் மிர்ச்சி" என்பார். எதிர்முனையில் கோபமாக, "மாச்சிஸ், மாச்சிஸ்" என்பார்கள். ஒரு பக்கம் மிளகாய், மறு பக்கம் தீப்பெட்டி, நடுவில் நிமிடத்துக்கு இவ்வளவு என்று மீட்டர். ஒரு மாத பில் வந்த பிறகு செண்பகராஜ் பெருமைப்படுவதை நிறுத்தினார். அதற்குப் பிறகு அவர் மண்டியில் யாரும் இந்தி பேசக்கூடாது என்று உத்தரவு. யாரும் பேசவில்லைதான், இருந்தாலும்.

விஷயம் கோவில்பட்டி டீக்கடைக்கு வந்துவிட்டது. டெலிபோன் லைன்மேன் ராஜமணி அங்கே தினமும் வருவார். செல்போன் அவர் இலாகா இல்லை. ஆனாலும் ஒருநாள் பயிற்சிக்கு மதுரை போய் வந்திருந்தார்.

"முன்னாடி பேச்சு கம்பியில முழுசாப் போச்சு" என்றார் ராஜமணி. "இப்ப டிஜிட்டல். பேச்சைப் பொடிப்பொடியா நறுக்கி, ஒண்ணு, சைபர்னு ஆக்கி, காத்துல எறியுதாவ. அங்கன இருக்கிற போன் பொறுக்கிச் சேர்த்து மறுபடியும் பேச்சாக்குது."

கிட்டு கிளாசைக் கீழே வைத்தார். "ஒரே நேரத்துல ஊரெல்லாம் எறிஞ்சா, பொடி கலந்துறாதா?"

"கலக்காது. வரிசை உண்டு. ரேஷன் கடை மாதிரி. ஒம்ம துண்டு ஒண்ணு, என் துண்டு ஒண்ணு, அவன் துண்டு ஒண்ணு, மறுபடி ஒம்மது."

"ரேஷன் கடையிலயே கலக்குதே."

"இது மெஷின்வே."

"காத்து பலமா அடிச்சா?"

"காத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

"காத்துலதான் எறியுதாவன்னு நீருதான சொன்னீரு?"

ராஜமணி காசைக் கொடுத்துவிட்டு எழுந்து போனார். கிட்டு வெகுநேரம் உட்கார்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்: பீகார்க்காரன் எவனோ மச்சினனுக்குப் போன் போட, அந்தப் பொடி வழியில் வந்த மிளகாய்ப் பொடியோடு கலந்துவிட்டது. முடிவு சரியில்லை என்பது அவருக்கும் தெரிந்தது. ஆனால் வேறு முடிவு கையில் இல்லை. தன் நோட்டை எடுத்து, வால் விட்ட கையெழுத்தை இன்னும் நாற்பது தடவை எழுதினார்.

மே மாதம் முதல் தேதி, வருகிற அழைப்புக்குக் காசு கிடையாது என்று நாடு முழுக்க அறிவித்தார்கள். வெளியூர்க் கட்டணமும் குறைந்தது. மக்கள் கொண்டாடினார்கள். செண்பகராஜுக்கு மட்டும் அது இருதலைக் கொள்ளியாக இருந்தது. எடுத்தால் காசில்லை, ஆனால் முன்பு நாளுக்கு நாலு பேர் கூப்பிட்டார்கள், இப்போது நாற்பது பேர். கடைசியில் அவர் பட்டாளத்திலிருந்து இந்தியோடு திரும்பிய ஆறுமுகசாமியைக் கூட்டிவந்து மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு வடக்கே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ஆறுமுகசாமி மூன்று அழைப்புகளை எடுத்து, மரியாதையாகப் பேசி, வைத்தார்.

"செண்பகராஜ், ஒங்க நம்பர் ஒரு தீப்பெட்டி மேல இருக்காம்."

"எந்தத் தீப்பெட்டி?"

"செல்போன் படம் போட்டது. பெட்டியில அம்பது குச்சின்னு போட்டிருக்கு, எண்ணினா நாப்பத்தி மூணுதான் இருக்காம். கம்பெனி நம்பருன்னு நெனைச்சு அதைக் கேக்கத்தான் மூணு மாசமா கூப்பிடுதாவளாம். ஒருத்தன், குச்சியையும் மிளகாயையும் சேர்த்து விக்கிற இது என்ன கம்பெனின்னு கேக்கான்."

மறுநாள் காலை செண்பகராஜ் கையில் ஒரு பெட்டியோடு கோவில்பட்டி ஆபீசில் இருந்தார். அதே காலையில்தான் கிட்டு, இரண்டாவது அச்சுக்கான படத்தையும் நோட்டையும் கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மூன்று கையெழுத்தில் எது என்று அண்ணாச்சியிடம் கேட்பதாக இருந்தது.

"இது யாரு நம்பரு?" என்றார் அண்ணாச்சி, பெட்டியை மேசையில் வைத்து.

கிட்டு பார்த்தார். "அன்னைக்கு போன்ல வந்த நம்பரு."

"போடச் சொன்னேனா?"

"போட வேண்டாம்னும் சொல்லலியே. நாலு கோடு போடச் சொன்னீங்க. பத்து இருக்கான்னு நீங்கதான் எண்ணிப் பார்த்தீங்க."

"மூணு மாசமா எங்க அக்கா மாப்பிள்ளை கம்பெனிக் கொறையை நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார் செண்பகராஜ். "அதுவும் இந்தியில."

கிட்டுவுக்கு உண்மையாகவே புரியவில்லை. இருபத்துநாலு வருடமாக அவர் எத்தனையோ வரைந்திருக்கிறார். டயல் போன் வரைந்தார். எங்கேயும் மணி அடிக்கவில்லை. புலி வரைந்தார், யாரையும் கடிக்கவில்லை. இந்த ஒரு படம் மட்டும் ஏன் விளாத்திகுளத்தில் போய் அடிக்கிறது? அதை அப்படியே கேட்டும்விட்டார். அண்ணாச்சி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"கிட்டு, ஒம்ம பேரும் வேண்டாம், ஒம்ம படமும் வேண்டாம். சிவகாசியில ஆளு இருக்கு. நீரு போயிட்டு வாரும்."

கிட்டு நோட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டார். நல்ல சட்டை நனைந்திருந்தது. வாசல்வரை போனவரை, அங்கே மேசைப் போனின் ஒயரைச் சரிபண்ணிக்கொண்டிருந்த ராஜமணிதான் தடுத்தார். இரக்கத்தினால் என்று சொல்ல முடியாது. டீக்கடைப் பாடத்தை முடிக்காமல் போன குறை அவருக்கு இருந்தது.

"அண்ணாச்சி, லேபிள் ஓடுதுல்லா? நம்பரை மட்டும் அழிச்சுட்டா போதும்."

"அழிச்சா திரை வெறுசாக் கெடக்கும். செத்த போனை எவன் வாங்குவான்?"

"வேற ஒரு நம்பரைப் போடுங்க" என்றார் செண்பகராஜ். "பாளையங்கோட்டைக்காரன் எவன் நம்பராவது."

ராஜமணி தலையை ஆட்டினார். "எந்தப் பத்து நம்பரைப் போட்டாலும் ஆபத்து. இன்னைக்கு அந்த நம்பரு யாருகிட்டயும் இல்லாட்டியும் அடுத்த வருசம் யாராவது வாங்குவாவ. இப்ப போற வேகத்துல, ஆடு மேய்க்கிறவுக கையிலயும் ஒண்ணு வந்துரும். நம்பரு வேண்டாம். பேரு போடலாம்."

"போன்ல பேரு எப்படிவே வரும்?"

ராஜமணி அண்ணாச்சியின் போனை வாங்கி, நாலு பட்டன் அமுக்கி, செண்பகராஜின் பெயரை ஏற்றினார். செண்பகராஜ் மொட்டைமாடி ஏறிக் கூப்பிட்டார். திரையில் எண் வரவில்லை. செண்பகராஜ் காலிங் என்று ஆங்கிலத்தில் வந்தது. போன் வாங்கிப் பதினாலு மாதம் கழித்து அண்ணாச்சிக்கு இது தெரிந்தது. அவர் அதைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை இருந்தது.

அப்புறம் ஒரு சிக்கல். யார் பெயரைப் போடுவது? செண்பகராஜ் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். அண்ணாச்சியின் பெயரைப் போடலாம் என்றார் ராஜமணி.

"ஏழு குச்சி கொறையுற பெட்டியில என் பேரா?" என்றார் அண்ணாச்சி. "வடநாட்டான் என்னைப் பேரு சொல்லியில்லா ஏசுவான்?"

மூவரும் ஒரே சமயத்தில் வாசலைப் பார்த்தார்கள். அங்கே நோட்டை அக்குளில் வைத்துக்கொண்டு கிட்டு நின்றார்.

இப்படியாக, லேபிள் உலகில் அதுவரை எவருக்கும் கிடைக்காத பேறு கிட்டுவுக்குக் கிடைத்தது. மூலையில் அல்ல, போன் திரையின் நட்டநடுவில், நாலு கோடு சிக்னலுக்குக் கீழே, கிட்டு காலிங். வால் விட முடியவில்லை; செல்போன் எழுத்தில் வால் கிடையாது. பார்த்ததைத்தானே வரைய வேண்டும். மற்றபடி குறை ஒன்றுமில்லை. சுகுணா பெட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யாரோ கூப்பிடுத மாதிரில்லா இருக்கு? வரைஞ்சவர்னு எவனுக்குத் தெரியும்?" என்றாள். தானே வரைந்து, தானே தன்னை யாருக்கோ கூப்பிடவைத்திருப்பதில் ஏதோ இடிக்கிறது என்று கிட்டுவுக்கும் பட்டது. எது என்றுதான் பிடிபடவில்லை.

அடுத்த வருடம் பாட்னா ஏஜெண்டு எழுதினார்: கடைகளில் யாரும் செல்போன் மார்க் என்று கேட்பதில்லை, கிட்டு மாச்சிஸ் கொடு என்றுதான் கேட்கிறார்கள், ஐம்பது லோடு அனுப்பவும். அண்ணாச்சி அன்றைக்கே வக்கீலைப் பார்த்து, கிட்டு என்ற பெயரைக் கம்பெனியின் டிரேட் மார்க்காகப் பதிவுசெய்யக் கொடுத்தார். கிட்டுவுக்கு வேட்டி, சட்டை, ஒரு கிலோ கடலைமிட்டாய் கொடுத்து, தோளில் தட்டினார். "இனிமே எவனும் ஒம்ம பேரைத் தொட முடியாதுவே."

எவனும் என்பதில் தானும் அடக்கமா என்று கேட்கக் கிட்டுவுக்கு அப்போது தோன்றவில்லை.

அது தோன்றியது 2006-ல். காலண்டர் வியாபாரம் செய்யும் கிறிஸ்துராஜ், மாதா படம் ஒன்று வேண்டும் என்று வந்தார். "ஒங்க பேரு இப்ப பிரபலம். மூலையில நல்லா பெரிசாப் போடுங்க" என்றார். கிட்டு தூரிகையை நனைத்தார், மூலைக்கு வந்தார், நின்றார். கம்பெனிப் பெயரைக் காலண்டரில் எழுதினால் கேஸ் வருமா? தன் பெயரைத் தான் எழுதினால் கேஸ் வருமா? கிறிஸ்துராஜுக்குத் தெரியவில்லை. ராஜமணியைக் கேட்டார்; பெயர் தன் இலாகா இல்லை என்றார். அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதுதான் முறை என்று சுகுணா சொன்னாள்.

கிட்டு கையிலும் அந்த மாதம்தான் ஒரு செல்போன் வந்திருந்தது; ராஜமணி அந்த நம்பரைக் கிட்டு என்ற பெயரோடு அண்ணாச்சியின் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தார். கம்பெனிக்கு எதிரே டீக்கடையில் நின்றுகொண்டு, முதல் தடவையாக அண்ணாச்சிக்குப் போன் போட்டார். திறந்திருந்த ஜன்னல் வழியாக ஆபீஸ் தெரிந்தது. மணி அடிப்பது தெரிந்தது. அண்ணாச்சி போனை எடுத்துத் திரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்த கணக்கரைக் கூப்பிட்டுக் காட்டினார். லோடு ஏற்ற வந்தவர்களையும் கூப்பிட்டார். ஐந்தாறு பேர் தலையை நீட்டிப் பார்த்தார்கள். அவர் மேசையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்து, இதையும் அதையும் மாறிமாறிச் சுட்டிக்காட்டினார்.

"தத்ரூபம்" என்று அவர் சொன்னது ரோட்டைத் தாண்டிக் கேட்டது.

போனை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் படம் போய்விடும். கிட்டு மறுபடியும் அடித்தார். ஆபீசுக்குள் இன்னும் இரண்டு பேர் பார்க்க வந்தார்கள்.